பீரோ சத்தம் கேட்டாலே அழும் ஜிம்மி... நேற்று அழவே இல்லை!

வணக்கம் மக்களே! நேற்று அம்மா மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனார், எங்கள் நாய் ஜிம்மி பின்னாலேயே ஓடவில்லை. இது ஒரு விஷயமா என்று புதிதாக வந்தவர்கள் கேட்கலாம். பழைய ஆட்களுக்குத் தெரியும், அம்மா குளிக்கப் போனால்கூடக் கதவிடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு காவல் கிடப்பவன் இவன். நானும் அப்பாவும் அவன் கண்ணுக்கு மேசை நாற்காலி.

காரணம் பெரிய ரகசியமில்லை. குட்டிக்கு 3 முதல் 12 வாரம் வரைதான் ஆட்களோடு பழகும் முக்கியமான பருவம். அப்போது நான் ஆபீஸில், அப்பா கடையில், பகல் முழுக்க அம்மா மடிதான். சோறு போடுவதும் அவர், இடி இடித்தால் ஒளிந்துகொள்வதும் அவர் புடவைக்குள். எதிர்வீட்டு அங்கிள், "ராஜபாளையம் கலப்பாக இருக்கும், ஒருத்தருக்குத்தான் அடங்கும்" என்கிறார். ராஜபாளையத்துக்கு அப்படி ஒரு பெயர் உண்டுதான், 2005-இல் தபால் தலையே போட்டார்கள். ஆனால் ஜிம்மி டீக்கடை வாசலில் கிடைத்த தெரு நாய், அங்கிள்!

சரி, என்ன செய்தோம்? அம்மா கிளம்பும்வரை அவன் காத்திருப்பதில்லை, பீரோ சாவி சத்தத்துக்கே அழுகை. பீரோ, புடவை, செருப்பு என்று வரிசை அவனுக்கு மனப்பாடம். அதனால் அம்மாவைச் சும்மா சும்மா பீரோவைத் திறந்து மூடிவிட்டு சீரியல் பார்க்க உட்காரச் சொன்னேன். "உனக்கு வேற வேலையே இல்லையா" என்று திட்டிக்கொண்டே செய்தார். அந்தச் சத்தம் அவனுக்குச் சலித்த பிறகு வாசல் வரை, அப்புறம் கேட்டுக்கு வெளியே. அவன் அழ ஆரம்பிக்கும் முன்பே திரும்பிவிட வேண்டும், அதுதான் முக்கியம்.

அப்புறம் அந்த ரப்பர் பொம்மை. 749 ரூபாய்! நடுவில் ஒரு ஓட்டை, அவ்வளவுதான். முக்கால் கிலோ மட்டன் வாங்கி அவனும் நாங்களும் சாப்பிட்டிருக்கலாம். பத்து ரூபாய்கூடக் குறைக்கவில்லை, பைக்கு வேறு தனிக் காசு! ஆனாலும் திட்ட மனசு வரவில்லை. உப்பும் தாளிப்பும் இல்லாத தயிர்சாதத்தை அதில் அடைத்து, ஃப்ரீசரில் உறைய வைத்து, அம்மா நகரும் நேரத்தில் மட்டும் கொடுக்கிறேன். நேற்று மாடிப்படியில் கொலுசுச் சத்தம் கேட்டதும் ஒரு காதை மட்டும் தூக்கினான், நக்குவதை நிறுத்தவில்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். உங்கள் நாய் இத்தனை நாள் ஒழுங்காக இருந்துவிட்டுத் திடீரென்று ஒருத்தரோடு ஒட்டிக்கொண்டால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். வயதான நாய்க்குக் கண், காது மங்கினாலும், மூட்டு வலித்தாலும் இப்படி ஒண்டும். "நாலு அடி போட்டால் சரியாகும்" என்பவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பயந்து கிடப்பவனை அடித்தால் பயம்தான் கூடும்.

இப்போது ராத்திரிச் சாப்பாடு அப்பா கையால்தான். ஆனால் அம்மா அடுக்களை வாசலில் நின்றால்தான் வாயே வைக்கிறான். "வேணும்னா நானும் ஒரு புடவை கட்டிக்கிட்டு வரட்டுமா" என்று அப்பா கேட்கிறார். அந்த வீடியோ வேண்டுமென்றால் கமெண்டில் சொல்லுங்கள், எடுத்துப் போட்டுவிடுகிறேன்.