உங்கள் வீட்டுக் கேமராவின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது?

எல்லோருக்கும் வணக்கம். சங்கத் தலைவர் எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘ஸ்மார்ட் வீடு: வசதியா, பாதுகாப்பா?’ பட்டிமன்றத் தலைப்பு மாதிரியே இருக்கிறது. வசதி அணியில் மூன்று பேர், பாதுகாப்பு அணியில் மூன்று பேர் பேசுவார்கள், கடைசியில் நடுவர் எழுந்து இரண்டும் வேண்டும் என்று சொல்லி எல்லோரையும் சாப்பிட அனுப்பிவிடுவார். என்னைக் கேட்டால் கேள்வியே கொஞ்சம் தப்பு. வசதி என்றால் யாருடைய வசதி? வாங்குகிறவருக்கா, செய்து விற்கிறவருக்கா, வந்து மாட்டிவிட்டுப் போகிறவருக்கா? இதைப் பிரித்துப் பார்க்காமல், ‘ஜனங்களுக்குச் சோம்பேறித்தனம், பாஸ்வேர்டைக்கூட மாற்றுவதில்லை’ என்று நம்மையே திட்டிக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஏன் என்று சொல்கிறேன். 2016 அக்டோபர் 21, ஒரு வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ட்விட்டர் வரவில்லை, நெட்ஃபிளிக்ஸ் வரவில்லை, ரெடிட் வரவில்லை. அந்த நிறுவனங்களின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. டைன் என்று ஒரு கம்பெனி, இணையதளத்தின் பெயரைக் கேட்டால் அதற்கான எண் முகவரியைச் சொல்வதுதான் அதன் வேலை. அதன் மீது பல்லாயிரம் கருவிகள் ஒரே நேரத்தில் பாய்ந்து, கேள்வி மேல் கேள்வி கேட்டு, அதைத் திணறடித்துவிட்டன. முகவரி சொல்ல ஆள் இல்லாததால் கடைகள் திறந்திருந்தும் யாராலும் போக முடியவில்லை. பாய்ந்தவை பெரும்பாலும் என்ன தெரியுமா? வீட்டிலும் கடையிலும் மாட்டியிருந்த கண்காணிப்புக் கேமராக்கள், அதன் படத்தைப் பதிவு செய்கிற டி.வி.ஆர். பெட்டிகள், வைஃபை ரவுட்டர்கள்.

அவற்றைப் பிடித்து ஆட்டுவித்த நிரலின் பெயர் மிராய். அதை எழுதியவர்கள் 20 வயதை ஒட்டிய பையன்கள் மூன்று பேர். மைன்கிராஃப்ட் விளையாட்டுக்கு சர்வர் நடத்துகிறவர்களுக்குள் இருந்த போட்டியில் ஒருவர் இன்னொருவரின் சர்வரை முடக்குவது வழக்கம், அங்கிருந்து கிளம்பியதுதான் இது. பிறகு நிரலை இணையத்தில் எல்லோரும் எடுத்துக்கொள்கிற மாதிரி போட்டுவிட்டார்கள், டைன் மீது நடந்த தாக்குதல் அதற்கப்புறம் நடந்தது. 2017 டிசம்பரில் மூவரும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். இதில் பெரிய மூளைவேலை ஒன்றும் இல்லை. இணையத்தில் கிடைக்கிற முகவரிகளை எல்லாம் வரிசையாகத் தட்டிப் பார்ப்பது, திறந்தால் 60 சொச்சம் பெயர்–பாஸ்வேர்டு ஜோடிகளைப் போட்டுப் பார்ப்பது, அவ்வளவுதான். அட்மின் என்ற பெயருக்கு அட்மின் என்றே பாஸ்வேர்டு, ரூட் என்ற பெயருக்கு 888888, இப்படி. தொழிற்சாலையிலேயே போட்டு அனுப்பியவை.

இங்கேதான் கவனிக்க வேண்டும். பாதிக்கப்பட்ட கருவிகளில் பலவற்றுக்குச் சீனாவின் ஹாங்சோவில் உள்ள சியோங்மாய் என்ற நிறுவனம் உள்பாகங்களும் மென்பொருளும் கொடுத்திருந்தது. அவற்றில் சிலவற்றில், நீங்கள் பிரவுசரில் போய்ப் பொறுப்பாகப் பாஸ்வேர்டை மாற்றினாலும், பின்பக்கமாக நுழைவதற்கு இன்னொரு பாஸ்வேர்டு மென்பொருளுக்குள்ளேயே பதிந்து கிடந்தது. அது மாறவே மாறாது. வாங்கியவர் என்ன செய்திருக்க முடியும்? பழுது பார்க்க, சோதித்துப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று தயாரிப்பு வேலையில் யாரோ வைத்தது அப்படியே நம் வீட்டுச் சுவர் வரை வந்துவிட்டது.

இன்னொன்று. மிராய் நிரல் அந்தக் கருவியின் தற்காலிக நினைவகத்தில்தான் தங்கும், ஒருமுறை அணைத்துப் போட்டால் போய்விடும், ஆனால் ஓட்டை அப்படியே இருந்தால் சில நிமிடங்களில் திரும்ப வந்துவிடும். இதற்கிடையில் கேமராவின் சொந்தக்காரருக்கு ஒன்றுமே தெரியாது, படம் வழக்கம்போல வந்துகொண்டுதான் இருக்கும். பாதிப்பு யாருக்கோ எங்கேயோ. விற்றவருக்கு நஷ்டமில்லை, வாங்கியவருக்குத் தொல்லையில்லை, அப்புறம் யார் போய்ச் சரிசெய்வார்கள்?

சரி, நம் ஊருக்கு வருவோம். ஒரு வீட்டில் கேமரா மாட்டுவதை யோசித்துப் பாருங்கள். கடையிலிருந்து ஒரு தம்பி ஏணியோடு வருவார், ஒயர் இழுப்பார், டி.வி.ஆரை டிவி பக்கத்தில் வைப்பார். பாஸ்வேர்டு கேட்கும். அவருக்கு ஒரு நாளைக்கு நாலு வீடு, எல்லா வீட்டுக்கும் ஒன்றே போட்டால்தான் அடுத்த முறை ரிப்பேருக்கு வரும்போது அவருக்கு ஞாபகம் இருக்கும், அதனால் கடைப் பெயரும் 123-ம் போடுவார். முதலில் தன் போனில் ஆப்பைத் திறந்து க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து படம் வருகிறதா என்று பார்ப்பார், பிறகு உங்கள் போனுக்குப் பகிர்வார். ‘அங்கிள், ஆபீஸிலிருந்தே பார்க்கலாம்’ என்பார், நாமும் சந்தோஷமாகப் பணம் கொடுத்து அனுப்புவோம். ஆனால் பதிவுக் கணக்கில் உரிமையாளர் அவர், நீங்கள் விருந்தாளி. அந்தத் தம்பி நல்லவராகத்தான் இருப்பார், நான் சந்தேகப்படச் சொல்லவில்லை. அவருடைய போன் தொலைந்தால், அவர் அந்தக் கடையை விட்டுப் போய்விட்டால், உங்கள் வரவேற்பறைப் படத்துக்கான சாவி எங்கே போகும் என்பதுதான் என் கேள்வி.

2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் உள்கேமராப் படங்கள் வெளியே வந்து டெலிகிராமில் விற்பனைக்குப் போன செய்தியைப் படித்திருப்பீர்கள். பரிசோதனைக்கு வந்த பெண்கள். அதைப் பற்றி அதிகம் பேச எனக்கே கூச்சமாக இருக்கிறது. அந்த அறைக்குள் கேமரா எதற்கு என்று மாட்டும்போதே ஒருவராவது கேட்டிருக்க வேண்டும், பாஸ்வேர்டு எல்லாம் அதற்குப் பிறகு வருகிற விஷயம்.

வசதிக்காக எடுத்த ஒரு சின்ன முடிவு எப்படிப் பல்லிளிக்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் உங்கள் வீட்டு ரவுட்டரிலேயே இருக்கலாம். டபிள்யூ.பி.எஸ். என்று ஒரு பட்டன் பார்த்திருப்பீர்கள். நீளமான வைஃபை பாஸ்வேர்டை அடிக்க வேண்டாம், பெட்டியில் ஒட்டியிருக்கிற 8 இலக்க எண்ணைப் போட்டால் போதும் என்று அதிலேயே இன்னொரு வழி வைத்தார்கள். 8 இலக்கம் என்றால் 10 கோடி வாய்ப்பு, யாரால் கண்டுபிடிக்க முடியும் என்று தோன்றும். 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபெக் என்ற ஆய்வாளர் உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டினார். ரவுட்டர் அந்த எண்ணை இரண்டாகப் பிரித்துச் சரிபார்க்கிறது, முதல் நான்கு இலக்கம் தப்பென்றால் அப்போதே தப்பு என்று சொல்லிவிடுகிறது. ஆக முதல் பாதிக்கு 10,000 முயற்சி. மிச்சமுள்ள நான்கில் கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்குப் போட்டு வருவது, அதனால் இரண்டாம் பாதிக்கு 1,000. மொத்தம் 11,000 முயற்சி! ஒரு லேப்டாப்பும் சில மணி நேரமும் போதும். நீங்கள் 20 எழுத்தில் பாஸ்வேர்டு வைத்திருந்தாலும் ஒரு பிரயோஜனமும் இல்லை, கேட்டால் அதை எடுத்துக் கொடுக்கிற வேலைதானே அந்த டபிள்யூ.பி.எஸ். வசதிக்கு. வீட்டுக்குப் போனதும் ரவுட்டர் செட்டிங்கில் அதை அணைத்துவிடுங்கள்.

ஆனால் வசதி என்றாலே ஆபத்து என்றும் சொல்லமாட்டேன். தானாக அப்டேட் ஆகிற கருவி நமக்கு வசதியும்கூட, பாதுகாப்பும்கூட. 2019 டிசம்பரில் அமெரிக்காவில் ரிங் என்ற நிறுவனத்தின் வீட்டுக் கேமராக்களுக்குள் அந்நியர்கள் புகுந்து குழந்தைகளிடம் பேசிய செய்திகள் வந்தன. வேறு தளங்களில் திருடுபோன பாஸ்வேர்டையே இங்கேயும் வைத்திருந்தவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். ‘வேறு வேறு பாஸ்வேர்டு வையுங்கள்’ என்ற அறிவுரை அதற்கு முன்பும் ஊரெல்லாம் இருந்தது, யார் கேட்டார்கள்? 2020 பிப்ரவரியில் நிறுவனமே உள்ளே நுழையப் பாஸ்வேர்டோடு இரண்டாவதாக ஒரு ரகசிய எண்ணும் கட்டாயம் என்று ஆக்கியது. ஓ.டி.பி. போட்டே பழகிய நமக்கு அதெல்லாம் ஒரு சிரமமா? முதல் நாளிலேயே கட்டாயமாக்கியிருக்கலாம். வாங்கியவர் எரிச்சல்பட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவாரோ என்ற பயம்தான் காரணம் என்பது என் கணிப்பு.

கதவுக்கு வெளியே இருப்பவர்களை மட்டும் நினைத்துப் பயப்படவும் வேண்டாம். அதே ரிங் நிறுவனத்தின் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023-ல் வழக்குப் போட்டது. 2017-ல் ஓர் ஊழியர் மாதக்கணக்கில் பெண் வாடிக்கையாளர்களின் ஆயிரக்கணக்கான வீடியோக்களைப் பார்த்திருக்கிறார் என்பது அதில் ஒரு குற்றச்சாட்டு. 58 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். படம் கிளவுடில் இருக்கிறது என்றால் வேறொருவர் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று அர்த்தம். அந்த வேறொருவர் கடையை மூடினாலும் சிக்கல்தான். ரிவால்வ் என்று வீட்டுக் கருவிகளை இணைக்கிற ஒரு பெட்டி, விலை 300 டாலர். கம்பெனியைக் கூகுள் குழுமத்தின் நெஸ்ட் நிறுவனம் வாங்கியது, 2016 மே மாதம் சர்வரை நிறுத்தியது. பெட்டி உடையவில்லை, கெட்டுப்போகவில்லை, ஆனாலும் அன்று முதல் அதனால் ஒரு பைசா உபயோகம் இல்லை.

அதனால்தான் கடைக்காரரிடம் மெகாபிக்சல் எத்தனை என்று கேட்பதற்கு முன்னால், எந்த வருடம் வரை அப்டேட் வரும் என்று கேளுங்கள் என்கிறேன். முழிப்பார். முழிக்கட்டும், பத்துப் பேர் கேட்டால் பதில் தேடிவைப்பார். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் இதைச் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம், எல்லாப் பெட்டிக்கும் ஒரே சுலபமான பாஸ்வேர்டு போட்டு விற்கவும் தடை. சிங்கப்பூரில் 2020-லிருந்து பாதுகாப்புக்கு நட்சத்திர முத்திரை, ஏசி, ஃபிரிட்ஜில் மின்சாரத்துக்கு ஒட்டுகிறார்களே அது மாதிரி. இந்தியாவிலும் 2025 ஏப்ரல் முதல் கண்காணிப்புக் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். ஏற்கெனவே சுவரில் தொங்குகிறவற்றை அந்தச் சட்டம் ஒன்றும் செய்யாது, அது நம் பாடு.

ரவுட்டரில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்று, விருந்தினருக்கான தனி வைஃபை ஒன்று இருக்கும். கேமரா, பல்பு, டிவி எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டு, பேங்க் வேலை பார்க்கிற போனையும் லேப்டாப்பையும் முதன்மை வைஃபையில் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று கெட்டாலும் இன்னொன்றுக்கு எளிதில் தாவாது. கேமரா ஆப்பில் உரிமையாளர் யார் என்று இன்றைக்கே பாருங்கள். நீங்கள் இல்லையென்றால் மாட்டியவரைக் கூப்பிட்டு, அவர் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லி, உங்கள் பெயரில் புதிதாகச் சேருங்கள். பழைய கருவியை யாருக்காவது கொடுத்தால் முழுதாக அழித்துவிட்டுக் கொடுங்கள்.

இனி கேள்வி நேரம். முன்வரிசையில் இருக்கிற அம்மா ஒருவர் கேட்கிறார்: ‘இவ்வளவு சொல்றீங்களே தம்பி, உங்க வீட்ல கேமரா இருக்கா?’ இருக்கிறதம்மா, வாசலில் ஒன்று. உள்ளே பதியும் மெமரி கார்டோடு, வெளியிலிருந்து போனில் பார்க்கிற வசதியை அணைத்து வைத்திருக்கிறேன். படுக்கையறையிலும் ஹாலிலும் கிடையாது. வயதான பெற்றோரைத் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் ஹாலில் வைப்பதை நான் தப்பு சொல்லமாட்டேன், அவர்கள் நிலைமையில் நானும் வைப்பேன், ஆனால் அப்பா அம்மாவிடம் கேட்டுவிட்டு வைப்பேன். அடுத்த கேள்வி யாருடையது?