வானுக்குள் ஹீற்றர் இருந்தும் ஏன் குளிருது? தெர்மோஸ்டற்றை எங்கே பூட்டுவது?

[காட்சி: வெள்ளவத்தை. காலி வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில் நிற்கும் வான், கதவு திறந்தபடி.]

வணக்கம். கொழும்பு வெயிலில் நின்றுகொண்டு ஹீற்றரைப் பற்றிப் பேசக் காரணம் இருக்கிறது. போன தை மாதம் இந்த வானில்தான் நுவரெலியா போனோம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். இது டீசலை எரித்துச் சூடாக்கும் ஹீற்றர். டாங்கியில் டீசல் இருந்தது, ஹீற்றரும் ஓடியது. ஆனாலும் விடியப்புறம் மூன்று மணிக்கு அம்மா எழும்பி, "தம்பி, கால் விறைச்சுப் போச்சுடா" என்றார்.

ஹீற்றரில் ஒரு பழுதும் இல்லை. சூட்டை அளந்து ஹீற்றரைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டற் இருந்த இடம்தான் பிழை.

[காட்சி: பலகையில் இரண்டு திருகாணி ஓட்டைகள். கிட்டக் காட்டவும்.]

இந்த ஓட்டைகளைப் பாருங்கள். முதலில் இங்கேதான் பூட்டியிருந்தோம். நேர் கீழே சூடான காற்று வரும் வாய். தெர்மோஸ்டற்றுக்குத் தெரிவது தன்னில் படும் காற்றின் சூடு மட்டும்தான். அன்றிரவு அதில் 22 பாகை காட்டியது. மெத்தையில் வேறொரு வெப்பமானியை வைத்துப் பார்த்தேன்: 14. வான் சூடாகிவிட்டது என்று நினைத்து ஹீற்றர் தணிந்துகொண்டே இருந்திருக்கிறது.

அடுப்புக்கு மேலே பூட்டினாலும் இதே கதைதான். வெளித் தகரத்தோடு ஒட்டிப் பூட்டினால் நேர்மாறு: தகரம் குளிர்ந்து கிடக்கும், எவ்வளவு சூடானாலும் ஹீற்றர் ஓயாது. கதவோரமும் வேண்டாம்.

சரி, எங்கே பூட்டுவது? அலுமாரியின் உள்பக்கப் பலகையில், படுத்தால் தலையணை இருக்கும் உயரத்துக்கு ஒரு சாண் மேலே. சூடு கூரைக்கு ஏறிவிடும், நாம் தூங்குவது கீழே அல்லவா? இன்னொன்று, வயர் வரும் ஓட்டையைப் பஞ்சோ சிலிக்கனோ வைத்து அடைத்துவிடுங்கள். பலகைக்குப் பின்னாலிருந்து வரும் குளிர்காற்று அந்த ஓட்டை வழியாக நேரே தெர்மோஸ்டற்றின் சென்சரில், அதாவது சூட்டை அளக்கும் பகுதியில் படும். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

சில டீசல் ஹீற்றர்களில் சென்சர் ஹீற்றருக்குள்ளேயே இருக்கும். சீற்றுக்கு அடியில் பூட்டினால் சீற்றுக்கு அடியில் உள்ள சூட்டைத்தான் அது அளக்கும். ஹீற்றருக்கு வெளியே தனியாகப் பூட்டும் சென்சருக்கு மாற்ற வசதி இருந்தால் மாற்றிவிடுங்கள்.

இடம் பிழைத்தால் பற்றரியும் அடிபடும். ஹீற்றர் எரியத் தொடங்கும் ஒவ்வொரு தடவையும், டீசலைப் பற்றவைக்கும் பிளக் 10 அம்பியர் அளவில் இழுக்கும். அணைந்து அணைந்து எரிந்தால் உள்ளே கரியும் படியும். மலையில் காற்று அடர்த்தி குறைவு என்பதால் கரி இன்னும் கூடும். உங்கள் ஹீற்றரில் உயரத்துக்கான செற்றிங் இருந்தால் ஏற முன்னரே போட்டுவிடுங்கள்.

புகைக்குழாய் வானுக்கு வெளியே தள்ளி முடிய வேண்டும். கார்பன் மொனொக்சைட் மணமில்லாத நஞ்சு, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். அதற்கான அலாரம் இல்லாமல் தயவுசெய்து யாரும் ஹீற்றரைப் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள்.

[காட்சி: துவாயில் சுற்றிய ஐஸ் பை.]

அப்புறம், இதையெல்லாம் கொழும்பிலேயே சோதிக்கலாம். இப்போது வானுக்குள் 31 பாகை. தெர்மோஸ்டற்றை 25இல் வைத்தால் ஹீற்றர் அசையாது. ஐஸ் பையைப் பொலித்தீனில் போட்டு, துவாயால் சுற்றி, சென்சரோடு சேர்த்துப் பிடியுங்கள். தண்ணீர் சொட்ட விடவேண்டாம். 28... 26... 24. கேட்டதா? ஃபேன் சுற்றத் தொடங்கிவிட்டது. இரண்டு மூன்று நிமிடத்தில் கையில் சூடு படும்.

ஐஸை எடுத்தால் தானாகத் தணியும். பிறகு சுவிட்சில் நிறுத்துங்கள். நெருப்பு அணைந்த பிறகும் ஃபேன் சில நிமிடம் ஓடி உள்ளே ஆறவைக்கும். அது நிற்கும்வரை பற்றரி வயரைக் கழற்றாதீர்கள்.