புதுப் பதிவு அப்புறம், முதல்ல பழசைச் சரிபண்ணலாம்

[திரையில்: நீண்ட பதிவுப் பட்டியல், மெதுவாகக் கீழே நகர்கிறது]

உங்க பிளாக்குல 100 பதிவு இருக்கு, ஆனா படிக்க வர்றவங்க குறைஞ்சுகிட்டே போறாங்க. அப்படின்னா 101-வது பதிவு எழுத இப்பவே உட்காராதீங்க. தேடி வர்றவங்க உள்ள நுழையுறது பெரும்பாலும் பழைய பதிவு வழியாத்தான். அதுக்குப் பராமரிப்பு இல்லேன்னா புதுசா எழுதுறதும் யார் கண்ணுலயும் படாது.

[திரையில்: கூகுள் சர்ச் கன்சோல், பெர்ஃபாமன்ஸ் பக்கம்]

கூகுள் சர்ச் கன்சோலைத் திறங்க. கூகுள் தேடல்ல உங்க தளம் எப்படி வருதுன்னு காட்டுற கருவி இது, இலவசம்தான். பெர்ஃபாமன்ஸ் பக்கத்துல தேதியைக் கடைசி 3 மாசம்னு வைங்க. பின்னாடி 16 மாசம் வரைக்கும் போகலாம். கிளிக், இம்ப்ரஷன் (தேடல் முடிவுல எத்தனை தடவை தெரிஞ்சுது), சிடிஆர் (தெரிஞ்சதுல எத்தனை சதவீதம் கிளிக் ஆச்சு), தேடல் முடிவுல சராசரி இடம், இந்த நாலு பெட்டியையும் ஆன் பண்ணுங்க. கீழ பேஜஸ் பகுதியில, சராசரி இடம் 8-லேர்ந்து 20-க்குள்ள இருக்குற பதிவுகளை மட்டும் குறிச்சுக்குங்க. உழைப்புக்குச் சீக்கிரம் பலன் தர்றது இதுங்கதான். 60-வது இடத்துல கிடக்குறதை இப்போதைக்கு விடுங்க.

அதுல ஒரு பதிவைச் சொடுக்கி, குவெரீஸ் பகுதிக்கு வாங்க. என்ன தட்டச்சு பண்ணி வந்தாங்கன்னு இங்கதான் தெரியும். நீங்க 'மண் கலவை தயாரிப்பு'ன்னு தலைப்பு வச்சிருப்பீங்க. வந்தவங்க கேட்டது, 'தொட்டிச் செடி இலை ஏன் மஞ்சளாகுது'. அதுக்கான பதில் உங்க பதிவுல 12-வது பத்தியில இருக்கும். அதை மேல கொண்டு வாங்க, தனியா ஒரு துணைத்தலைப்பு குடுங்க. பதிவோட தலைப்புலயும் முக்கியமான சொல்லை முன்னாடி வைங்க. தேடல் முடிவுல தலைப்பு அகலத்தை வச்சுத்தான் வெட்டுப்படுது, தமிழ் எழுத்தோ நிறைய இடம் பிடிக்கும்.

உள்ள ஒரு வரி கூடத் தொடாம தேதியை மட்டும் புதுசாக்குறது வேண்டாம். அது நம்பி வர்ற வாசகரை ஏமாத்துற வேலை.

[திரையில்: 'தோட்டம்' என்ற சொல், கீழே அது முகவரியில் நீளும் விதம்]

அடுத்து பதிவோட முகவரி, அதாவது யுஆர்எல். இதுல தமிழ்ல எழுதுறவங்களுக்குன்னு தனியா ஒரு சிக்கல் இருக்கு. கணினி எழுத்தைச் சேமிக்கிற யுடிஎஃப்-8 முறையில தமிழ்க் குறி ஒவ்வொண்ணும் 3 பைட். முகவரியை நகலெடுக்கும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறி, கூடவே ரெண்டு எழுத்துன்னு 3 இடம் பிடிக்கும். ஆக ஒரு குறிக்கு 9 இடம். 'தோட்டம்'ங்கிற சொல் பார்வைக்கு 4 எழுத்து, ஆனா புள்ளியும் துணைக்குறியும் சேர்த்து 7 குறி. 7 பெருக்கல் 9, மொத்தம் 63. ஆறு சொல்லுத் தலைப்பை அப்படியே முகவரியாக்கினா, மெசேஜ்ல ஒட்டும்போது என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க. புதுப் பதிவுக்கெல்லாம் ரோமன் எழுத்துல மூணு, நாலு சொல் போதும்.

பழைய முகவரி நீளமா இருக்கேன்னு உடனே மாத்திடாதீங்க. நல்லா ஓடுற பதிவை அப்படியே விடுறதுதான் நல்லது. மாத்தியே ஆகணும்னா 301 வழிமாற்று, அதாவது பழைய முகவரிக்கு வர்றவங்களை நிரந்தரமா புதுசுக்கு அனுப்புற ஏற்பாடு, கட்டாயம். பிளாக்கர்ல செட்டிங்ஸ்ல கஸ்டம் ரீடைரக்ட்ஸ் இருக்கு, அதுல 'பெர்மனென்ட்' ஆன்ல இருக்கணும். இங்க ரெண்டு தப்பு அடிக்கடி நடக்கும். ஒண்ணு, செத்த முகவரி எல்லாத்தையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பி விடுறது. கூகுள் அதைப் பெரும்பாலும் 'சாஃப்ட் 404', அதாவது பக்கமே இல்லாத மாதிரின்னுதான் எடுத்துக்கும். இன்னொண்ணு, ஒண்ணுலேர்ந்து ரெண்டுக்கு, ரெண்டுலேர்ந்து மூணுக்குன்னு சங்கிலி போடுறது. முதல் முகவரியை நேரா மூணாவதுக்கே காட்டுங்க.

[திரையில்: ஒரே படம், இரண்டு அளவுகளில்]

படங்கள். போன்ல எடுத்த படம் 4000 பிக்சல் அகலம், பல எம்பி கனம் இருக்கும். பதிவுப் பத்தியோட அகலம் 800 பிக்சலைத் தாண்டுறதே அபூர்வம். 1200 பிக்சலுக்குக் குறைச்சு, வெப்பிங்கிற (WebP) பட வடிவத்துல 150 கேபிக்குள்ள கொண்டு வாங்க. படத்தோட அகலம், உயரம் ரெண்டையும் எச்டிஎம்எல் குறியீட்டுல எழுதுங்க. எழுதலேன்னா படம் வந்து விழும்போது படிச்சுகிட்டிருந்த வரி கீழ தள்ளிப் போயிடும். இந்த ஆட்டம், அதாவது சிஎல்எஸ், 0.1-க்குள்ள இருக்கணும். பக்கத்தோட பெரிய பகுதி 2.5 நொடிக்குள்ள தெரியணும். அதனால மேல இருக்குற முதல் படத்துக்கு மட்டும் லேசி லோடிங், அதாவது படத்தைத் தாமதமா ஏத்துற வசதி, போடாதீங்க.

எழுத்துரு ரெண்டு தடிமன் போதும். வரி உயரம் 1.7 வைங்க. கம்மியா வச்சா மேல் வரியோட உகரக் குறி கீழ் வரியோட புள்ளியில போய் இடிக்கும்.

[திரையில்: காப்புக் கோப்பு, அருகே காலியான சோதனைத் தளம்]

கடைசியா காப்பு நகல், மாசம் ஒரு தடவை. பிளாக்கர் தர்ற கோப்புல எழுத்து வரும், படம் வராது. வேர்ட்பிரஸ்ல டூல்ஸ் வழியா எடுக்குற ஏற்றுமதிக் கோப்பும் அப்படித்தான், படத்தோட முகவரி மட்டும் இருக்கும். முழு நகலுக்குப் பதிவெல்லாம் இருக்குற தரவுத்தளமும் வேணும், படமெல்லாம் இருக்குற டபிள்யூபி-கன்டென்ட் கோப்புறையும் வேணும். ஒரு பிரதியை உங்க சர்வருக்கு வெளியில வைங்க.

எடுத்து வச்சா மட்டும் போதாது, ஒரு சோதனைத் தளத்துல திருப்பி ஏத்திப் பாருங்க. 2015-க்கு முன்னாடி ஆரம்பிச்ச வேர்ட்பிரஸ் தளமா இருந்தா, தரவுத்தளம் யுடிஎஃப்8எம்பி4-ங்கிற எழுத்துக் குறியாக்கத்துல இருக்கான்னும் கவனிங்க. குறியாக்கம் பொருந்தலேன்னா தமிழ் எழுத்து மொத்தமும் கேள்விக்குறியா மாறி நிக்கும். அப்படி மாறினதை வச்சு அசல் தளத்தை மட்டும் அழிச்சு எழுதிடாதீங்க, அப்புறம் அந்த எழுத்தை மீட்க வழியே இருக்காது.