காலை எடுக்கும் முன் ரத்த ஓட்டத்தைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் அம்மாவுக்கு 67 வயது, 20 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. கால் கட்டைவிரல் கறுத்துவிட்டதால் முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டும் என்கிறார்கள். கத்தி வைக்காமல் ஊசித் துளை வழியாகவே அடைப்பை நீக்கலாமாமே, அது அவருக்குப் பொருந்துமா?

பதில்: அம்மாவின் காலுக்கு, ரத்த ஓட்டத்தை ஒலி அலைகளால் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்களா என்பதை நீங்கள் சொல்லவில்லை. மற்ற எல்லாமே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்குப் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே ஓடும் மூன்று மெல்லிய தமனிகளில்தான் அடைப்பு ஏற்படுகிறது. அவற்றில் ஒன்றையாவது பாதம் வரை திறந்துவிட முடிந்தால், கறுத்த விரலை மட்டும் எடுத்துவிட்டுக் காலைக் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது.

இது நேற்று வந்த சிகிச்சை அன்று. 1964 ஜனவரியில், அமெரிக்காவின் போர்ட்லாண்டில், காலை எடுக்கச் சம்மதிக்காத 82 வயது மூதாட்டி ஒருவருக்கு சார்லஸ் டாட்டர் என்ற கதிரியக்க மருத்துவர், தோலில் இட்ட துளை வழியாகக் குழாய்களைச் செலுத்தித் தொடைத் தமனியின் அடைப்பை விரித்தார். புண் ஆறியது, அந்த அம்மையார் கடைசி வரை தம் கால்களிலேயே நடந்தார். தமனிக்குள் ஊதி அடைப்பை விரிக்கும் சிறு பலூன் அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்தே வந்தது.

இன்று தொடை இடுக்கில் மரத்துப்போகும் ஊசி போட்டு, சில மில்லிமீட்டர் துளை வழியாக மெல்லிய கம்பியை நுழைத்து, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே அடைப்பைக் கடந்து, பலூனை விரிக்கிறோம். முழு மயக்கம் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. இதயமும் பலவீனமாக இருக்கும் வயதான சர்க்கரை நோயாளிக்கு இதைவிடப் பெரிய நன்மை வேறில்லை என்றே நான் கருதுகிறேன். தையல் இல்லை, பலர் ஓரிரு நாட்களில் வீடு திரும்பிவிடுகிறார்கள்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. முழங்காலுக்குக் கீழே திறந்த தமனி, சில மாதங்களில் மறுபடியும் சுருங்குவது சாதாரணமாக நடப்பதுதான். புண் ஆறும் வரை ரத்தம் போய்ச் சேர வேண்டும் என்பதே நம் முதல் நோக்கம். அதனால்தான் சர்க்கரைக் கட்டுப்பாடு, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள், தினமும் பாதத்தைப் பார்ப்பது ஆகிய மூன்றையும் விடவே கூடாது. ஆஞ்சியோகிராமுக்கு, அதாவது ரத்தநாளங்களை எக்ஸ்ரேயில் பார்ப்பதற்கு, செலுத்தும் சாய மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவையும், அம்மா மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதையும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கணுக்கால் ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது என்று யாரேனும் சொன்னால் அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். சுண்ணாம்பு படிந்து இறுகிய தமனியில் அந்த அளவு பொய்யாகக் கூடிக் காட்டும்.

காய்ச்சல், நடுக்கம், பாதத்திலிருந்து மேலே பரவும் சிவப்பு, துர்நாற்றத்துடன் சீழ் ஆகியவற்றில் எது இருந்தாலும் ஸ்கேனுக்காகக் காத்திருக்காமல் இன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்த நிலையில் சீழை வெளியேற்றி உயிரைக் காப்பதே முதல் வேலை. அவை இல்லையென்றால், இந்த வாரத்திற்குள்ளேயே டாப்ளர் எடுத்து, ரத்தநாள அறுவை நிபுணரிடமோ, இப்படித் துளை வழியாகச் சிகிச்சை செய்யும் இடையீட்டுக் கதிரியக்க மருத்துவரிடமோ காட்டிவிட்டு, அதன் பிறகு காலை எடுப்பதற்கான சம்மதப் படிவத்தைப் பற்றி யோசியுங்கள்.