பச்சை இலையில் எழுந்த வீடு

வணக்கம். அவுரி கேள்விப்பட்டிருப்பீர்கள், நீலச் சாயம் எடுக்கிற செடி, திண்டிவனம் பக்கம் இன்றைக்கும் பயிரிடுகிறார்கள். அதே நீலத்தை ஐரோப்பாவில் பாஸ்டெல் என்ற கடுகுக் குடும்பத்துச் செடியிலிருந்து எடுத்தார்கள். இலையை அரைத்து, கையால் உருண்டை பிடித்து, காயவைத்து, அப்புறம் அதை உடைத்து நனைத்துப் புளிக்க விடுவார்கள். தொட்டியிலிருந்து துணியைத் தூக்கும்போது மஞ்சளும் பச்சையுமாகத்தான் இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். அதை ஒரு தடவை பார்த்தவர் மறக்க மாட்டார்.

அந்த உருண்டைகளை விற்ற காசில்தான், தெற்கு பிரான்சின் துலூஸ் நகரத்தில் பியேர் அசெசா என்ற வியாபாரி 1555இல் ஒரு மாளிகை கட்டத் தொடங்கினார். ஓட்டல் தசெசா என்பார்கள். அந்தக் காலப் பிரெஞ்சில் ஓட்டல் என்றால் வசதியானவரின் நகர மாளிகை, விடுதி இல்லை. துலூஸ் செங்கல் ஊர், கல் கிடைப்பது அரிது. அதனால் கல்லில் தூண் வைத்தாலே செல்வாக்கு என்று அர்த்தம். இவர் தளத்துக்கு ஒரு பாணியாக, இரட்டை இரட்டையாக வைத்தார்.

நான் அந்த முற்றத்தில் நின்றபோது தூணைவிட அதிக நேரம் பார்த்தது ஒரு பக்கத்துச் சுவரைத்தான். இரண்டு பக்கம் உயரமான கட்டடம், ஒரு பக்கம் மட்டும் அறைகளே இல்லை. சுவரிலிருந்து நீளும் செதுக்கிய தாங்கு கற்கள், அவற்றின்மேல் ஒரு நடைவழி, அவ்வளவுதான். அந்தக் கட்டு எழும்பவே இல்லை.

ஏன் என்றால், அசெசா ஹியூகனாட், அதாவது பிரெஞ்சுப் புராட்டஸ்டண்ட். நகர ஆட்சிக் குழுவில் இருந்தவர், ஊரில் பெரிய மனிதர். இருந்தும் 1562இல் துலூஸில் மதக்கலவரம் வெடித்து அவர் பக்கம் தோற்றதும் ஊரைவிட்டு ஓட வேண்டியதாயிற்று. பல வருஷம் கழித்து, புது மதத்தைக் கைவிட்ட பிறகுதான் திரும்பினார். அதற்குள் பாஸ்டெல் சந்தையும் சரிந்திருந்தது, பின்னால் நம் பக்கத்து அவுரி நீலமும் போய் அதை ஓரங்கட்டியது. 1581இல் அவர் இறந்தபோதும் வீடு முடியவில்லை. இதை நான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன், திரும்பவும் சொல்கிறேன்: அத்தனை காசு இருந்தும் தன் வீட்டில் தன் சாமியைக் கும்பிட்டு நிம்மதியாக இருக்க முடியவில்லை.

சரி, பிரான்சின் மேற்குக் கரையில் இருக்கும் லா ரோஷெல் துறைமுகத்தைப் பற்றி நிறையப் பேச நினைத்தேன், நேரம் முடியப் போகிறது, ஒன்று மட்டும் சொல்கிறேன். அங்கே ஃப்ளூரியோ என்ற புராட்டஸ்டண்ட் வியாபாரி 1772இல் வாங்கிய மாளிகை இருக்கிறது. 1787 வரை புராட்டஸ்டண்ட்கள் தங்கள் முறைப்படி செய்த கல்யாணம் பிரான்சில் சட்டப்படி கல்யாணமே இல்லை. அந்த வீட்டுக்கு வந்த காசோ, இன்றைய ஹைட்டியில் அடிமைகள் உழைத்த கரும்புத் தோட்டத்துக் காசு. 1982 முதல் அந்த வீடு அருங்காட்சியகம். அடிமைகளின் கதையும் அந்த அறைகளிலேயே இருக்கிறது.