ராஜாக்கள் வாங்காத ராஜா கார்

நேயர்களுக்கு வணக்கம். போருக்கு முந்திய காலத்து ஆடம்பரக் கார்களைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். ரோல்ஸ் ராய்ஸ், பேக்கார்ட், மெர்சிடிஸ் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனால் நேரம் பெயர்களிலேயே கரைந்துவிடும். அதனால் ஒரே ஒரு காரை எடுத்துக்கொள்கிறேன். புகாட்டி டைப் 41. கார்ப் பிரியர்கள் அதை 'புகாட்டி ராயல்' என்பார்கள்.

எட்டோரே புகாட்டி மிலான் நகரத்தில் பிறந்த இத்தாலியர். தொழிற்சாலை வைத்ததோ அல்சாஸ் பகுதியில், மோல்ஸைம் என்ற சிற்றூரில். 1909இல் அவர் அங்கே தொடங்கியபோது ஊர் ஜெர்மனியிடம் இருந்தது. முதல் உலகப் போர் முடிந்ததும் பிரான்ஸிடம் வந்தது. எடை குறைந்த, வேகமான பந்தயக் கார்களில் பெயர் வாங்கிய மனிதர் அவர். அப்படிப்பட்டவருக்கு 1920களில் ஓர் ஆசை வந்தது. உலகத்தில் யாரும் செய்யாத அளவுக்குப் பெரிய கார் ஒன்றைச் செய்து மன்னர்களுக்கு விற்க வேண்டும். மொத்தம் 25 கார் என்று திட்டம்.

எஞ்சினைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஒரே வரிசையில் எட்டு சிலிண்டர். கொள்ளளவு 12.7 லிட்டர். அதாவது ஒரு சிலிண்டருக்குக் கிட்டத்தட்ட 1,600 சிசி. நம் ஊர்த் தெருக்களில் ஓடிய மாருதி 800 காரின் முழு எஞ்சினும் 796 சிசிதான். இரண்டு மாருதியை ஒரு சிலிண்டருக்குள் அடைத்து, அப்படி எட்டை வரிசையாக நிறுத்தினால் இந்த எஞ்சின் வரும்.

சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டும் தனித்தனி இல்லை, ஒரே வார்ப்பு. வால்வு கிரைண்டிங், அதாவது வால்வுகளைத் தேய்த்துச் சரியாகப் பொருந்த வைப்பது, அந்தக் காலத்தில் அடிக்கடி செய்ய வேண்டிய வேலை. சாதாரண வண்டியில் ஹெட்டைக் கழற்றிச் செய்துவிடலாம். இதில் அடியிலிருந்து எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டையே இறக்கியாக வேண்டும். மெக்கானிக் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் இந்நேரம் தலையில் கை வைத்திருப்பார்.

வண்டி நீளம் ஆறு மீட்டருக்கு மேல். எடை மூன்று டன். ஸ்டியரிங் வளையம் வால்நட் மரம். ரேடியேட்டர் மூடியின் மேல் தும்பிக்கையைத் தூக்கி நிற்கும் வெள்ளி யானை. மிருகங்களைச் சிலையாக வடிப்பதில் பேர்போனவர் எட்டோரேயின் தம்பி ரெம்பிராண்ட். 1916இல் இறந்துபோன அந்தத் தம்பி செய்து வைத்திருந்த யானையைத்தான் அண்ணன் தன் காரில் ஏற்றினார்.

சரி, யார் வாங்கினார்கள்? சேஸிஸ், அதாவது எஞ்சினும் சக்கரமும் பூட்டிய அடிச்சட்டம் மட்டும் ஏறத்தாழ 30,000 டாலர், பாடி கட்டும் செலவு தனி. அமெரிக்காவில் 500 டாலர் வாக்கில் புது ஃபோர்டு கிடைத்த காலம் அது. விற்பனைக்கு இறங்கும் நேரத்தில் உலகப் பொருளாதார மந்தம் வந்து உட்கார்ந்தது. ஸ்பெயின் மன்னர் அல்ஃபோன்ஸோ வாங்குவார் என்று பேச்சு அடிபட்டது. 1931இல் அவர் நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. அல்பேனிய மன்னர் ஸோகு கேட்டு வந்ததாகவும், அவர் சாப்பிடும் லட்சணம் பிடிக்காமல் எட்டோரே விற்க மறுத்ததாகவும் ஒரு கதை உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சரக்கு தேங்கிக் கிடக்கும்போது எந்த வியாபாரியும் அவ்வளவு ரோஷம் பார்ப்பதில்லை என்பது என் எண்ணம்.

கடைசியில் முழுமையாக நின்றவை ஆறு கார்கள். வெளியார் வாங்கியது மூன்று. அந்த மூவரில் ஒரு மன்னரும் இல்லை. முதலாமவர் பாரிஸில் ஆயத்த ஆடை வியாபாரம் செய்த அர்மான் எஸ்தெர்ஸ். இரவில் ஓட்டப்போவதில்லை, ஹெட்லைட்டே வேண்டாம் என்று சொல்லி வாங்கினார். இரண்டாமவர் ஜெர்மனியில் பிரசவ மருத்துவர், ஜோசஃப் ஃபுக்ஸ். மூன்றாமவர் ஃபாஸ்டர் என்ற ஆங்கிலேய கேப்டன். அவர் காருக்கு லிமோசின் பாடியை லண்டனில் பார்க் வார்டு நிறுவனம் கட்டியது.

எட்டோரே தனக்கென்று வைத்திருந்த காரை, பாரிஸிலிருந்து ஊர் திரும்பும் வழியில் கண்ணயர்ந்து அவரே மோதி நொறுக்கினார். அதைத் திரும்பக் கட்டினார்கள். அதில் உள்ளே இருப்பவர்களுக்குக் கண்ணாடி பதித்த கூரை. டிரைவர் தலைக்கு மேல் ஒன்றும் இல்லை. மழையில் நனைவது அவர் வேலையில் சேர்த்தி.

கார் விலை போகவில்லை. எஞ்சின்? அதை ரயிலில் மாட்டினார்கள். பிரெஞ்சு ரயில்வேக்காக எட்டோரே தனக்குள்ளேயே எஞ்சின் வைத்து ஓடும் ரயில் பெட்டிகள் கட்டினார். பெரிய பெட்டிக்கு நான்கு எஞ்சின், மொத்தம் 800 குதிரைத்திறன். ஓட்டுநர் பெட்டியின் நடுவே, கூரைக்கு மேல் துருத்திய கூண்டில் உட்கார்ந்து ஓட்டுவார். 1933இல் பிரெஞ்சு ஜனாதிபதி லெப்ரன் இதில் ஏறித்தான் ஷெர்பூர் துறைமுகத்துக்குப் போனார். சோதனை ஓட்டத்தில் மணிக்கு 190 கிலோமீட்டரைத் தாண்டியது. 1950கள் வரை பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடின இந்தப் பெட்டிகள். ராயல் திட்டத்தில் போட்ட காசு இப்படித்தான் திரும்பி வந்தது. எட்டோரேயின் கெட்டிக்காரத்தனத்துக்கு அந்தக் காரைவிட இந்த ரயிலைத்தான் நான் சாட்சியாகச் சொல்வேன்.

அப்புறம் போர். விற்காமல் நின்ற மூன்றையும் பாரிஸுக்கு வடக்கே எர்மெனோன்வில்லில் இருந்த குடும்ப வீட்டில் சுவர் எழுப்பி மறைத்து வைத்தார்கள். மகன் ஜான் 1939இல் பந்தயக் காரைச் சோதித்து ஓட்டும்போது இறந்தார். 1947இல் எட்டோரேயும் போய்விட்டார். 1950இல் மகள் லெபே, அமெரிக்கப் பந்தய வீரர் பிரிக்ஸ் கன்னிங்ஹாமுக்கு இரண்டு ராயல்களை விற்றார். விலை கொஞ்சம் பணம், கூடவே போருக்குப் பிந்திய பிரான்ஸில் கிடைக்காத அமெரிக்க ஃபிரிட்ஜ் இரண்டு. அந்த இரண்டு கார்களில் ஒன்று 1987இல் லண்டன் ஏலத்தில் 55 லட்சம் பவுண்டுக்குப் போனது.

மருத்துவர் ஃபுக்ஸின் கார் நியூயார்க்கில் காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. குளிரில் தண்ணீர் உறைந்து பிளாக் விரிசல் விட்ட அந்த வண்டியை 1940களில் சார்லஸ் சேன் என்ற பொறியாளர் 400 டாலர் அளவில் வாங்கிச் சரிசெய்தார். அவர் ஜெனரல் மோட்டார்ஸ்காரர். காரைத் தானம் கொடுத்ததோ ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்துக்கு!

ஆறும் இன்றைக்கும் இருக்கின்றன. இரண்டு பிரான்ஸின் முலூஸ் நகரில். ஷ்லும்ப்ஃப் என்ற ஆலை முதலாளிச் சகோதரர்கள் அங்கே ரகசியமாகக் கார் வாங்கிக் குவித்தார்கள். ஆலை நொடித்து, சம்பளம் நின்று, 1977இல் தொழிலாளர்கள் கதவைத் திறந்து உள்ளே போனால் 400க்கும் மேற்பட்ட கார்கள். கூலி எங்கே போயிற்று என்று அப்போதுதான் தெரிந்தது. தொழிலாளர்களே கொஞ்ச காலம் அதைப் பொதுமக்களுக்குத் திறந்து காட்டினார்கள். இப்போது முறையான அருங்காட்சியகம். அதே ஊரில் ரயில் அருங்காட்சியகமும் உண்டு. மிஞ்சிய ஒரு புகாட்டி ரயில் பெட்டி அங்கேதான் நிற்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். நன்றி, வணக்கம்.