கிழிஞ்சு போச்சா, கிழிச்சுட்டேனா?

தம்பிகளே, தாய்மார்களே, வணக்கம்.

கரை வந்ததும் நாம் பேசுவதைக் கொஞ்சம் காதுகொடுத்துக் கேளுங்கள். 'வலை கிழிஞ்சு போச்சு', 'நங்கூரம் அறுந்து போச்சு', 'ஐஸ் பத்தாமப் போச்சு'. எல்லாம் தானாக நடந்தது மாதிரி. ஐஸைக் குறைவாக ஏற்றியது யார்? அந்தப் பேச்சில் ஆளே இருக்க மாட்டான்.

நானும் அப்படிப் பேசியவன்தான். வள்ளம் ஓட்டத் தொடங்கிய இரண்டாம் வருடம். 'பார் கெடக்குது தம்பி, இங்க வலைய விடாத' என்றார் கூட வந்த பெரியவர். பார் என்றால் கடலுக்கடியில் கிடக்கும் பாறை. கேட்கவில்லை. வலை பாரில் மாட்டி, இழுத்த இழுப்பில் பாதிதான் மேலே வந்தது. முதலாளி கேட்டபோது, 'நீவாடு இழுத்துருச்சுண்ணே' என்று கடல் நீரோட்டத்தின் மேல் பழியைப் போட்டேன். பெரியவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, மிஞ்சிய வலையைத் தொடையில் விரித்து, ஊசியில் நூல் கோத்துக் கண் கண்ணாகப் பின்னிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்கப்புறம் ஒரு மாதம் கடலிலும் பேசவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. பார் எங்கே என்று தெரிந்தவர் வாயை மூடிக்கொண்டால் வள்ளம் எப்படித் தப்பும்? பழியைத் தள்ளிவிடும் தலைவனிடம் யாரும் உண்மையைச் சொல்ல வரமாட்டார்கள்.

நம் ராமேஸ்வரத்து அப்துல் கலாம் இதற்கு நேர்மாறான ஒன்றைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அவர் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி-3 ராக்கெட், 1979 ஆகஸ்ட் 10 அன்று கடலில் விழுந்தது. பத்திரிகையாளர்கள் முன்னால் போய் உட்கார்ந்து பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று ராக்கெட் வெற்றிகரமாகப் பறந்தது. அன்றைக்கு, 'நீங்கள் போய்ப் பேசுங்கள்' என்று கலாமை அனுப்பினார் தவான். இப்படி ஒருவர் மேலே இருந்தால், கீழே இருப்பவன் கோளாறை ஒளிப்பானா?

வீட்டிலும் இதேதான். அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்காமல் வந்துவிட்டு, 'மறந்து போச்சு' என்கிறோம். 'மறந்துட்டேம்மா, இப்பவே போறேன்' என்று சொல்லிப் பாருங்கள். அந்த முகம் வேறு மாதிரி இருக்கும்.

என் கதைக்கு வருகிறேன். முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். வலைக்காசைப் பங்கில் பிடித்துக்கொண்டார், சரி, நியாயம்தான். மறுநாள் கடலில் பெரியவரிடம், 'மாமா, வலையைக் கிழிச்சது நான்தான்னு முதலாளிகிட்டச் சொல்லிட்டேன்' என்றேன். அவர் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டினார்.

'அந்தா, கோயில் கோபுரம் தெரியுதா? அதைப் பார்த்து வச்சுக்க. பார் எங்க தொடங்குதுன்னு சொல்றேன்.'